ஃபுட்பால் பாட்காஸ்ட் வச்சு காதை ரிப்பேர் பண்ணது

பிரச்சனை என்னன்னு முதல்ல சொல்லிடறேன், அப்பதான் எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டேன்னு புரியும். இங்கிலீஷ் படிச்சா எனக்குப் புரியும். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் மெக்கானிக்கல் டிப்ளமோ, டிராயிங்ல போட்டிருக்கறது, மெயில், மெஷின் மேனுவல் எல்லாம் கொஞ்சம் டைம் குடுத்தா படிச்சு முடிச்சிடுவேன். காதுல விழுந்தாதான் கதை கந்தல். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்ல குவாலிட்டில இருக்கேன், நாங்க பண்ற பார்ட்ஸ் கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போகுது, அதனால அப்பப்ப மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்ல கால் வரும், அந்தப் பக்கம் பேசறவர் வட இங்கிலாந்துக்காரர், அவர் வாயத் தொறந்தா ஒரு வாக்கியம் முழுசும் ஒரே வார்த்தையா வெளிய வரும். நாங்க எல்லாரும் தலைய தலைய ஆட்டுவோம். கால் கட் ஆனதும் "என்ன சார் சொன்னாரு"ன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுப்போம். அவர் மினிட்ஸ், அதாவது பேசினதோட குறிப்ப, மெயில்ல அனுப்புற வரைக்கும் எங்கள்ல யாருக்கும் எதுவும் தெரியாது, இதான் நிஜம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஒண்ணும் போய்ப் பாத்தேன். அங்க சொல்லிக் குடுக்கறவங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா அவங்க பேசறது நம்ம இங்கிலீஷ், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா தட்டுல வச்ச மாதிரி தெளிவா வரும், அதக் கேட்டா எனக்கு ஏற்கனவே புரியும். எனக்கு வேண்டியது புரியாத இங்கிலீஷ், அதுவும் தினமும், அதுவும் போரடிக்காம. நியூஸ் கேட்டுப் பாத்தேன், தூக்கம் வந்துச்சு. டெட் டாக்னு (TED) மேடைப் பேச்சு வரும்ல, அதக் கேட்டேன், அதுல பேசறவங்க ஒத்திகை பாத்துட்டு வந்து பேசறாங்க, யாரும் யாரையும் குறுக்க வெட்டறது கிடையாது. நிஜ மனுசங்க அப்படியா பேசுவாங்க?

ஃபுட்பாலுக்கு எப்படி வந்தேன்னு கேக்கவே வேணாம், வியாசர்பாடில பொறந்தவன் நான். இந்தியாவுக்கு ஆடின தன்பால் கணேஷ், நந்தகுமார் சேகர் எல்லாம் எங்க ஏரியாலேர்ந்து போனவங்க. சனிக்கிழமை சாயங்காலம் இங்க பாதி வீட்டுல பிரீமியர் லீக் ஓடும், அங்க மத்தியானம் மூணு மணி மேட்ச் நமக்கு ஏழரைக்கு, குளிர்காலத்துல அவங்க கடிகாரத்த மாத்திட்டா எட்டரைக்கு. மேட்ச் பாக்கறது வேற, மேட்ச் பத்தி இங்கிலீஷ்காரங்க பேசறதக் கேக்கறது வேற. கமென்ட்ரிய நான் சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன், ஒரு வார்த்தை இங்கிலீஷ் கூடல. ஏன்னா படம் கண்ணு முன்னாடி ஓடுது, காது ஃபுல் ரெஸ்ட்ல இருக்கு. பாட்காஸ்ட்ல படம் கிடையாது, காதுதான் எல்லாம் பண்ணணும்.

ஆனா நேரா போய் பெரிய பாட்காஸ்ட்ட போட்டா மண்டை காயும். கார்டியன் பத்திரிகையோட ஃபுட்பால் வீக்லி 2006லேர்ந்து வருது, இப்ப மேக்ஸ் ரஷ்டன் நடத்தறாரு, கூட பேரி கிளென்டெனிங்னு ஒரு அயர்லாந்துக்காரர், இன்னும் ரெண்டு மூணு பேர், எல்லாரும் நக்கல் புடிச்சவங்க, ஒருத்தர் ஆரம்பிச்ச ஜோக்க இன்னொருத்தர் முடிப்பாரு, நடுவுல பழைய எபிசோட்ல சொன்ன ஏதோ ஒண்ண இழுத்து விடுவாங்க, அவங்க சிரிக்கறப்ப நாம முழிச்சிட்டு இருப்போம். நல்ல பாட்காஸ்ட்தான், ஆனா ஆரம்பிக்கற எடம் அது இல்ல.

ஆரம்பிக்கற எடம்னா பிரீமியர் ஸ்கில்ஸ் இங்கிலீஷ். பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரீமியர் லீகும் சேர்ந்து பண்றது, இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே போடறது. ரெண்டு பேர் நிதானமா பேசுவாங்க, ஒரு கதை மாதிரி சீன் வரும், அதுல சில சொற்றொடர் எடுத்து விளக்குவாங்க, கடைசில ஒரு ஃபுட்பால் சொலவடை கண்டுபுடிக்கச் சொல்லி புதிர் போடுவாங்க. லாங்வேஜ்காஸ்டர்னு இன்னொண்ணு இருக்கு, அது அந்தந்த வாரம் நடந்த மேட்ச எடுத்துக்கிட்டு அதுல அடிபட்ட வார்த்தைகள மட்டும் விளக்கறது, சின்னச் சின்ன எபிசோடு. இது ரெண்டும் எனக்கு கைபுடிச்சி கூட்டிட்டுப் போச்சு, ஆனா ஒரு கட்டத்துல போதும்னு ஆயிடுச்சு, ஏன்னா கத்துக்கறவனுக்காக பேசறவங்க தெளிவாதான பேசுவாங்க. டீம்ஸ் கால்ல வர்ற மனுசன் எனக்காக தெளிவா பேச மாட்டாரே.

எல்லாத்துக்கும் மேல உருப்படியா ஒண்ணு தெரிஞ்சுது. எந்த பாட்காஸ்ட்ங்கறத விட எந்த எபிசோட்ங்கறதுதான் முக்கியம். நீ முழுசா பாத்த மேட்ச், அதுவும் நகத்தக் கடிச்சிக்கிட்டு பாத்த மேட்ச், அதப் பத்தின எபிசோட் எடுக்கணும். எந்த நிமிஷத்துல யார் கோல் போட்டான், யார் மிஸ் பண்ணான், எது பெனால்டி, எல்லாம் உனக்கு மனப்பாடம். அப்ப காதுல விழறது புரியலன்னாலும் அவங்க எதப் பத்தி பேசறாங்கன்னு தெரியும், மூளைக்கு கதைய புடிக்கற வேலை மிச்சம், சத்தத்த வார்த்தையா பிரிக்கற வேலை மட்டும்தான் பாக்கி. இதத் தலைகீழா பண்றவங்கதான் நெறைய, மேட்ச் பாக்காம பாட்காஸ்ட் கேட்டு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னு. அது இங்கிலீஷ் நல்லா வர்றவங்களுக்கு.

நான் எடுத்தது 2022 வேர்ல்டு கப் ஃபைனல். அத பாக்காதவன் யாரு? டிசம்பர் 18, நமக்கு ராத்திரி எட்டரை மணி, எங்க தெருவுல துணிய கட்டி புரொஜெக்டர் போட்டாங்க. மெஸ்ஸி பெனால்டி, டி மரியா கோல், அர்ஜென்டினா ரெண்டு முன்னாடி, எல்லாம் முடிஞ்சுதுன்னு பசங்க பட்டாசு எடுத்துட்டு வரப்போனானுங்க, எண்பதாவது நிமிஷம் பிரான்ஸோட எம்பாப்பே பெனால்டி, அடுத்த நிமிஷமே இன்னொண்ணு. எக்ஸ்ட்ரா டைம்ல மெஸ்ஸி போட்டாரு, 118ல எம்பாப்பே மறுபடி பெனால்டி, 3-3. கடைசி கடைசியா பிரான்ஸோட கோலோ முவானி தனியா வந்து அடிச்சத அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினஸ் கால நீட்டி தடுத்தாரு பாருங்க, அது உள்ள போயிருந்தா கப்பே பிரான்ஸுக்கு. பெனால்டில 4-2. பாட்காஸ்ட்ல நல்ல விஷயம் என்னன்னா பழைய எபிசோடெல்லாம் பெரும்பாலும் அப்படியே கெடக்கும், கீழ ஸ்க்ரோல் பண்ணிட்டே போனா கெடைக்கும். அந்த ஃபைனலப் பத்தி மறுநாள் பேசாத ஃபுட்பால் பாட்காஸ்ட்டே இருக்காது, அதனால ஒரே மேட்ச வேற வேற ஆளுங்க வாயால கேக்கலாம். ஒரே கால், ஒரே சேவ், நாலு விதமான இங்கிலீஷ். இதுக்கு மேல என்ன வேணும்.

சாமான் பத்தி. ஃபோன் சாதா ஆண்ட்ராய்டு. ஆப் ஆன்டெனாபாட், ஃப்ரீ, அதுக்குள்ள அவங்க விளம்பரம் கிடையாது. அதுல ரெண்டு செட்டிங்க மாத்தணும்: பின்னாடி போற பட்டன அஞ்சு செகண்டுக்கு வைங்க, முப்பது செகண்டெல்லாம் பின்னாடி போனா எந்த வார்த்தைய தேடினோம்னே மறந்துடும். அப்புறம் மௌனத்த வெட்டற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அது கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், பேசறவர் மூச்சு விடற எடத்துலதான் நம்ம காது எட்டிப் புடிக்குது, அத வெட்டிட்டா தொலைஞ்சோம். ஸ்பீடு 0.8. அதுக்குக் கீழ போனா எல்லாரும் குடிச்சிட்டு பேசற மாதிரி இருக்கும், எழுத்தெல்லாம் இழுபட்டு வேற சத்தமாயிடும். இயர்ஃபோன் ஒயர் வச்சதுதான் நல்லது, புளூடூத் வாணாம்னு இல்ல, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் கூட்டத்துல ஒண்ணு கழண்டு தண்டவாளத்துல விழுந்தா அவ்ளோதான்.

வியாசர்பாடி ஜீவாலேர்ந்து பட்டரவாக்கம் வரைக்கும் லோக்கல் டிரெயின்ல போற நேரம்தான் எனக்கு கேக்கற நேரம். பெரம்பூர், கேரேஜ், லோக்கோ, வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம். போறப்ப ஒரு பகுதிய சும்மா கேப்பேன், நிறுத்தமாட்டேன், புரிஞ்சது புரியட்டும்னு. வர்றப்ப அதே பகுதி. ராத்திரி வீட்டுல உக்காந்து அதுலேர்ந்து ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ மட்டும் எடுத்து நோண்டறது. ஒரு மணி நேர எபிசோட முழுசா அஞ்சு தடவை கேக்கறத விட ஒரு நிமிஷத்த அம்பது தடவை கேக்கறதுல பலன் ஜாஸ்தி, இது நான் அடிச்சுச் சொல்லுவேன்.

நோண்டறதுக்கு லேப்டாப்ல ஆடாசிட்டி. எபிசோட் எம்பி3ய உள்ள இழுத்துப் போட்டு வேண்டிய துண்ட செலக்ட் பண்ணி லூப் போட்டா திரும்பத் திரும்ப ஓடும். மெதுவாக்கணும்னா எஃபெக்ட்ல சேஞ்ச் டெம்போன்னு இருக்கறத எடுக்கணும், அதுல வேகம் மட்டும் குறையும், குரல் மாறாது. ஸ்பீடுன்னு பேர் போட்டிருக்கற இன்னொண்ண எடுத்தா குரலும் சேந்து கட்டையாயிடும், பாட்காஸ்ட்ல பேசற பழைய இங்கிலாந்து பிளேயர் கேரி லினெக்கர் பேய் மாதிரி பேசுவாரு.

அடுத்து நோட்டு. இதான் என் முக்கியமான ஐட்டம், இத யாரும் எனக்கு சொல்லிக் குடுக்கல. கேட்டத இங்கிலீஷ்ல எழுதாம தமிழ் எழுத்துல எழுதினேன். இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா மூளை உடனே தெரிஞ்ச வார்த்தைக்கு ஓடுது, கேக்காத எழுத்தயெல்லாம் சேர்த்து எழுதிடுது. தமிழ்ல எழுதினா என்ன சத்தம் வந்துதோ அது மட்டும்தான் வரும். முதல் நோட்டுல முதல் பக்கத்துல இருக்கறது இப்படி: "ஈஸ்காடடூபெடாதேர்". ஒரே மூச்சு, நடுவுல இடைவெளியே இல்ல. கீழ அடுத்த வரில கோடு போட்டுப் பிரிச்சேன்: ஈஸ், காட, டூ, பெடா, தேர். அதுக்கும் கீழ: ஹீ ஹேஸ் காட் டு டூ பெட்டர் தேர். அவன் அத இன்னும் ஒழுங்கா பண்ணியிருக்கணும்னு அர்த்தம். ஹி-ல இருக்கற ஹ காணோம், ஹேஸ் வெறும் ஸ் ஆயிடுச்சு, காட் டு ரெண்டும் ஒட்டி காட ஆயிடுச்சு. இதே மாதிரி "ஷுடபினபென்"னு ஒண்ணு, ஷுட் ஹேவ் பீன் எ பென், அதாவது பெனால்டி குடுத்திருக்கணும். "ஸ்னெவரரெட்"னு ஒண்ணு, இட்ஸ் நெவர் எ ரெட், அது ரெட் கார்டே இல்லைங்கறத எப்பவும் நெவர் போட்டுதான் சொல்றாங்க. ஸ்கூல்ல நெவர்னா ஒருபோதும்னு படிச்சோம், ஆனா இங்க ஒரே ஒரு ஃபவுலுக்கு நெவர்.

தமிழ் எழுத்துல ஒரு கஷ்டம், இங்கிலீஷ் P-க்கும் ப தான், B-க்கும் ப தான், அதனால தொண்டை அதிர்ற சத்தமா இருந்தா கீழ ஒரு கோடு இழுத்துப்பேன். T-D, K-G எல்லாத்துக்கும் அப்படித்தான். பெருசா சிஸ்டம் ஒண்ணும் இல்ல, எனக்குப் புரிஞ்சா போதும்.

இத எழுத எழுதத்தான் அவங்க மேல இருந்த கோவம் போச்சு. வேணும்னு முழுங்கிப் பேசறாங்கன்னு நெனச்சிருந்தேன். நாம மட்டும் என்ன? என்ன செய்துகொண்டிருக்கிறாய்னு புத்தகத்துல படிச்ச ஒரு வெள்ளக்காரன் எங்க தெருவுக்கு வந்தா "இன்னா பண்ணினுகீற"ன்னுதான் காதுல விழும், அவன் எந்த அகராதில போய்த் தேடுவான்.

எழுதினது சரியான்னு பாக்கணும்ல, அதுக்கு எழுத்து வடிவம் வேணும். சில ஆப்லயே இப்ப டிரான்ஸ்கிரிப்ட் வருது, ஐஃபோன்ல ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ்ல 2024லேர்ந்து தானா வருது. என்கிட்ட ஐஃபோன் இல்ல. எங்க சித்தி பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன் லேப்டாப்ல விஸ்பர் போட்டுக் குடுத்தான், ஓப்பன்ஏஐ 2022ல ஃப்ரீயா விட்டது, நெட் இல்லாமயே ஓடும், ஆடியோவ குடுத்தா எழுத்தா குடுக்கும். பழைய லேப்டாப்புல ஃபேன் அலறும், ஆனா ஒன்றரை நிமிஷ துண்டுக்கு அது பெரிய விஷயம் இல்ல. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, பிளேயர் பேரெல்லாம் கண்டபடி வரும், அதப் பத்தி கவலப்படாதீங்க, மேட்ச் பாத்தவனுக்கு பேர் தெரியும். இன்னொண்ணு கொஞ்சம் விஷமமானது: அது பேச்ச சுத்தம் பண்ணிடும். அம், எர்னு இழுக்கறது, ஒரே வார்த்தைய ரெண்டு தடவ சொல்றது, பாதில நிறுத்திட்டு வேற மாதிரி ஆரம்பிக்கறது, இதெல்லாம் பல தடவை எழுத்துல வராது. நோட்டுல நாம சரியா எழுதியிருப்போம், மெஷின் விட்டிருக்கும், நாமதான் தப்புன்னு அடிச்சிட்டு உக்காந்திருப்போம். சந்தேகம் வந்தா காதத்தான் நம்பணும்.

விளம்பர விவகாரம் ஒண்ணு இருக்கு. பாட்காஸ்ட்ல நடுவுல வர்ற விளம்பரம் டவுன்லோடு பண்ற ஊரப் பொறுத்தும் நேரத்தப் பொறுத்தும் மாறும். லண்டன்ல ஒருத்தர் 14வது நிமிஷம்னு சொன்னது நம்ம ஃபைல்ல 15லயோ 13லயோ இருக்கும். டிரான்ஸ்கிரிப்ட் டைமும் அதனாலயே ஒத்துப்போகாது. டைம பாத்துத் தேடாதீங்க, ஒரு பிளேயர் பேர வச்சுத் தேடுங்க.

அப்புறம் கூடவே பேசறது, ஷேடோயிங்னு சொல்றாங்க. துண்ட ஓடவிட்டு அவங்க பேசறதுக்கு அரை செகண்டு பின்னாடியே நாமளும் அதே ஏத்த எறக்கத்தோட பேசணும். மொட்ட மாடில பண்ணேன். கீழேர்ந்து தங்கச்சி "அம்மா, இவன் யார்கூடயோ இங்கிலீஷ்ல சண்ட போட்டுட்டு இருக்கான்"னு கத்துனா. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக் கேட்டா நம்ம குரல் கேக்க சகிக்காது, அது எல்லாருக்கும் அப்படித்தான், ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டா எங்க நாம ஒவ்வொரு வார்த்தைக்கும் சமமா அழுத்தம் குடுக்கறோம்னு பளிச்சுனு தெரியும். அவங்க ஒரு வாக்கியத்துல ரெண்டு எடத்துலதான் அழுத்துவாங்க, மீதி எல்லாம் சும்மா ஓடற தண்ணி.

அடுத்தது ஊர் ஊரா வர்ற பேச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. ஃபுட்பால் பாட்காஸ்ட்ல மட்டும்தான் இத்தன ஊர் இங்கிலீஷ் ஒரே எடத்துல கெடைக்கும், ஏன்னா பழைய பிளேயருங்க எல்லாரும் வந்து பேசறாங்க, அவங்கள்ல நெறைய பேர் ஊர்ப் பேச்ச மாத்திக்கல. த ரெஸ்ட் இஸ் ஃபுட்பால்ல லினெக்கர் லெஸ்டர்காரர், ஆலன் ஷியரர் நியூகாசில், மைக்கா ரிச்சர்ட்ஸ் லீட்ஸ்ல வளந்தவர். அது யூடியூப்லயும் வீடியோவா வருது, வாயப் பாத்துக் கேக்கலாம், ஆரம்பத்துல அது பெரிய உதவி. ஸ்கை ஸ்போர்ட்ஸ்ல கேரி நெவில் பெரி ஊர்க்காரர், மான்செஸ்டர் பக்கம். ஜேமி காரகர் லிவர்பூல் பக்கத்துல பூட்டில். காரகர் பேச்சுல வார்த்தை கடைசில வர்ற க தொண்டைலேர்ந்து காத்தா வரும், நம்ம பகல்ல வர்ற க இருக்குல்ல, கிட்டத்தட்ட அது. பேக்னு முடியாது, பேஃக்னு முடியும். அத ஒரு தடவ புடிச்சிட்டா அவர் பேசறதுல பாதி தெளிவாயிடுது.

நெவில்கிட்டேர்ந்து கெடச்சதுதான் எனக்கு ஆபீஸ்ல நேரடியா வேலைக்கு ஆச்சு. வட இங்கிலாந்துல கப், பஸ், கட், லக் எல்லாத்துலயும் அந்த அ சத்தம் உ மாதிரி வரும். எஃப்.ஏ. கப் அங்க எஃப்.ஏ. குப். லக் லுக் ஆயிடும். இத நோட்டுல ஒரு பக்கம் ஃபுல்லா எழுதி வச்சேன். அப்பதான் மண்டைல பல்பு எரிஞ்சுது, எங்க கஸ்டமர் கால்ல அடிக்கடி ருனவுட், ருனவுட்னு ஒண்ணு சொல்லுவாரு, நாங்க ஏதோ அவங்க கம்பெனி உள்ள இருக்கற வார்த்தைன்னு விட்டுட்டோம். அது ரன்-அவுட், பார்ட்ட சுத்தவிட்டா எவ்ளோ கோணலா ஆடுதுங்கற அளவு. டயல் கேஜ் வச்சு நாங்க தெனம் செக் பண்ற ரன்-அவுட்! டிராயிங்லயே அம்புக்குறி போட்டு இருக்கு.

அதுக்கப்புறம் நடந்த ஒரு கால் சொல்றேன். ஒரு லாட்ல துரு வந்திருக்குன்னு கூப்பிட்டிருந்தாங்க, அவர் சொன்னது ருஸ்ட், மேல் லேயர்ல இருக்கற பாக்ஸ்ல, பார்ட்டோட போர்ங்கற துளைக்குள்ள. இத்தன நாள்ல முதல் தடவையா மினிட்ஸ் வராமலே எனக்குப் புரிஞ்சுது. கடைசில அவர் சாந்தமா, கிட்டத்தட்ட சிரிச்ச மாதிரி, நாட் ஐடியல், வி வேர் எ பிட் டிஸப்பாயின்டடுனு சொல்லிட்டு வச்சிட்டாரு. எங்க மேனேஜர் சந்தோஷமாயிட்டாரு, "பரவால்லப்பா, லைட்டா எடுத்துக்கிட்டாரு"ன்னாரு. எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஏன்னா பாட்காஸ்ட்ல கோல்கீப்பர் கைக்குள்ள வந்த பால கால் நடுவுல விட்டு கோல் ஆனா கூட இவங்க சொல்ற வார்த்தை ஹீல் பி டிஸப்பாயின்டட் வித் தட். அதுக்கு அர்த்தம், இத விட மோசமா ஆட முடியாதுன்னு. "சார், அவரு செம கடுப்புல இருக்காரு சார்"னு சொன்னேன். நம்பல அவரு. ஆனாலும் ஸ்டோர்ஸ்ல போய் துரு புடிக்காம சுத்தற விசிஐ கவர் பழைய ஸ்டாக் எது, எந்த லாட்டுக்கு போச்சுன்னு ரெண்டு பேரும் பாத்து ஃபோட்டோ எடுத்து வச்சோம். மறுநாள் காலைல 8டி ரிப்போர்ட், அதாவது குறைக்கு காரணமும் தீர்வும் எழுதித் தர்ற ரிப்போர்ட், கேட்டு மெயில், அவங்க பர்ச்சேஸ் ஹெட்டுக்கும் காப்பி போட்டு. மேனேஜர் என் சீட்டுக்கு வந்து "நீ என்னப்பா ஜோசியமா பாக்கற"ன்னு கேட்டாரு. பிரீமியர் லீக் பாக்கறேன் சார்னு சொன்னேன்.

இப்ப எச்சரிக்கை. பாட்காஸ்ட் இங்கிலீஷ அப்படியே தூக்கிட்டுப் போய் மெயில்ல போட்டா நாறிடும். பழைய பிளேயருங்க ஒரு கோல விவரிக்கறப்ப முடிஞ்சு போன விஷயத்த ஹீஸ் பிக்ட் இட் அப், ஹீஸ் கான் பாஸ்ட் டூ, ஹீஸ் புட் இட் இன் த டாப் கார்னர்னு அடுக்குவாங்க. ஸ்கூல் கிராமர்படி அது பிக்ட், வென்ட், புட்னு வரணும். இதுக்கு ஃபுட்பாலர்ஸ் பெர்ஃபெக்ட்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்க பேரே வச்சிருக்காங்க. அதே மாதிரி இஃப் ஹீ ஸ்கோர்ஸ் தேர், இட்ஸ் எ டிஃபரன்ட் கேம். அவன் அப்ப கோல் போட்டிருந்தா மேட்சே வேறங்கறத நிகழ்காலத்துலயே சொல்லி முடிச்சிடறாங்க, ஹேட் ஸ்கோர்டு, வுட் ஹேவ் பீன் எதுவும் கிடையாது. கேக்க சுலபமா ஜோரா இருக்கும். இஃப் யூ செண்ட் த டிராயிங், வி ஆர் ஓகேன்னு போன மாச விஷயத்தப் பத்தி நாம மெயில் போட்டா இனிமே அனுப்பணுமான்னு கேப்பாங்க. டீம் பேருக்கு ஆர்சனல் ஆர், சிட்டி ஹேவ்னு பன்மை போடறது பிரிட்டிஷ் பழக்கம், அது தப்பில்ல, ஆனா அமெரிக்கா கஸ்டமரா இருந்தா கம்பெனி பேருக்கு இஸ் போடறதுதான் சேஃப்.

அப்படியே தூக்கிட்டு வரக்கூடியதும் நெறைய இருக்கு. டு பி ஃபேர், ஹேவிங் செட் தட், ஆன் பேப்பர், இந்த மாதிரி வாக்கியத்தத் திருப்பி விடற சாமான் எல்லாம் எங்க வேணா போடலாம், பேசறப்ப யோசிக்க ரெண்டு செகண்டு கெடைக்கும். மேட்ச் ரத்துன்னா கால்டு ஆஃப், மீட்டிங்கும் கால்டு ஆஃப். காயம்பட்ட பிளேயர் ஆட மாட்டார்னா ரூல்டு அவுட், அதே மாதிரி இது காரணம் இல்லன்னு ஒரு சந்தேகத்தயும் ரூல் அவுட் பண்ணலாம், 8டில காரணம் தேடற பக்கத்துல இத நான் போட்டிருக்கேன், யாரும் ஒண்ணும் சொல்லல. இந்த மாதிரி ஆஃப், அவுட்னு ஒட்டிக்கிட்டு வர்ற சொல்ல லிஸ்ட்டா மனப்பாடம் பண்ண முயற்சி பண்ணி எனக்கு ஒரு நாளும் நிக்கல, ஒரு மேட்சோட ஒரு சீனோட சேர்ந்து வந்தா நிக்குது.

கேட்டது போதும், வாயத் தொறக்கணும்ல. அதுக்கு பசங்கள இழுத்தேன். ஞாயித்துக்கிழமை நாங்க டர்ஃப் புக் பண்ணி ஆடுவோம். ஆடி முடிச்சதும் வாட்ஸ்அப் குரூப்ல ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட், இங்கிலீஷ்ல மட்டும், ரெண்டு நிமிஷம். ஸ்கோர் சொல்லணும், ஒரு கோல எப்படி வந்துச்சுன்னு விவரிக்கணும், ஒருத்தன நாகரிகமா திட்டணும். இந்தக் கடைசி ரூல்தான் எல்லாரையும் பேச வச்சது. எங்க கோல்கீப்பர், ஸ்கூல்ல இங்கிலீஷ்ல ஃபெயில் ஆனவன், முதல் வாரம் "மச்சி எனக்கு வராதுடா"ன்னு எமோஜி போட்டு விட்டான். அவன் விட்ட ஒரு சப்ப கோலப் பத்தி நான் ஹீல் பி டிஸப்பாயின்டட் வித் தட்னு அனுப்புனேன். அடுத்த வாரம் அவன்கிட்டேர்ந்து நாலு நிமிஷம் வந்துச்சு, முழுக்க என் டிஃபென்ஸப் பத்தி, கிராமர் எல்லாம் காத்துல பறக்குது, ஆனா நிறுத்தாம பேசறான். அவனுக்கு நோட்டு, ஆடாசிட்டி ஒண்ணும் கிடையாது, காரகர் வீடியோ மட்டும் பாக்கறான். இப்ப வார்த்தை முடிவுல க வந்தா காறித் துப்பற மாதிரி சொல்றான், எவ்ளோ சொன்னாலும் கேக்கறதில்ல.

இப்ப நெலவரம்: நெவில், லினெக்கர் எல்லாம் நார்மல் ஸ்பீட்ல போகுது, டிரெயின் சத்தத்துலயும். ஃபுட்பால் வீக்லி முக்கால்வாசி புடிபடுது, ஜோக்குக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா சிரிக்கறேன். ஸ்காட்லாந்து லீக் பத்தி பேசற பாட்காஸ்ட் ஒண்ணு போன வாரம் போட்டுப் பாத்தேன், கிளாஸ்கோ பேச்சு, செல்டிக்கா ரேஞ்சர்ஸாங்கறது மட்டும்தான் புரிஞ்சுது. 0.8க்கு திரும்பப் போயாச்சு, புது நோட்டு ஒண்ணு வாங்கணும், இந்த தடவ கோடு போடாத நோட்டா, எழுதினதுக்குக் கீழ பிரிச்சு எழுத எடம் பத்தல.